ஃபிர்மினாவின் மணல்மேடு

மாமனார் செத்ததும் சொத்தைப் பிரித்தார்கள். லிஸ்பனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான கொலாரஸில் இருந்த கெட்டிக் களிமண் நிலம் கொழுந்தன் அன்செல்மோவுக்கு, கடலோர மணல்மேடு கணவனை இழந்த ஃபிர்மினாவுக்கு. அதுதான் நியாயம் என்று ஊரே தலையாட்டியது. நானும் ஆட்டினேன், என்னத்தைச் சொல்ல!

மணலில் சும்மா திராட்சைக் குச்சியை நட்டால் கருகிவிடும். இரண்டு ஆள் ஆழம் தோண்டி, அடியிலுள்ள களிமண்ணில் ரமிஸ்கோ ரகக் குச்சியைப் பதிக்க வேண்டும். கொடி ஏற ஏறக் குழியை மூட வேண்டும். குழி சரிந்தால் மூச்சுவிட இடம் இருக்கட்டும் என்று, தோண்டுகிறவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொள்வோம். கூலிக்குப் போன எங்களோடு ஃபிர்மினாவும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள்.

மேலே நின்று அன்செல்மோ சிரித்தான். "அண்ணி, அடுத்தவன் தலையில மண்ணப் போடறவன் உண்டு. நீங்க ஒங்க தலையிலயே போட்டுக்கறீங்களே!"

"ஒங்களுக்குக் களிமண் மேல இருக்கு தம்பி, எனக்குக் கீழ இருக்கு. அவ்ளோதான்."

அவன் நிறையக் காய்க்கும் வேறு ரகத்தை நட்டு, மூன்றாம் வருடமே ஒயின் பீப்பாய்களை நிரப்பினான். இவளுக்கு ஐந்து வருடம் ஒரு குலைகூட இல்லை. ஆறாம் வருடம் காய்த்தது, சின்னச் சின்னக் குலைகள்.

அப்போதுதான் வேரைத் தின்னும் பேன் எங்கள் பக்கம் வந்தது. ஒரே கோடையில் களிமண் தோட்டங்கள் பட்டுப்போயின. அன்செல்மோ பிடுங்கிய வேரெல்லாம் பேன்.

ஒரு காலை ஃபிர்மினாவின் கொடியிலும் இலை மஞ்சளாயிருந்தது.

"குவிண்டினோ, தோண்டு" என்றாள். "இதுவும் போச்சுன்னா, லிஸ்பன்ல எவ வீட்டுலயாவது துணி தொவைக்கத்தான் போகணும்."

தோண்டினேன். ஊரே சுற்றி நின்றது. வேரைக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். சுத்தமான வேர். மேலே கிடந்த அவ்வளவு மணலில் பேனால் வழி பண்ணிக்கொண்டு வேர்வரை போக முடியவில்லை. இலையைக் கெடுத்தது உப்புக்காற்று.

"ஒரு பேன்கூட இல்ல!" என்று கத்திக்கொண்டே அவள் தெருவெல்லாம் ஓடினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் லிஸ்பன் ஒயின் வியாபாரிகளின் வண்டிகள் அவள் வாசலில்தான் நின்றன. வண்டிகளுக்கு நடுவே புகுந்து அன்செல்மோ வந்தான், தொப்பி கையில்.

"அண்ணி, கொஞ்சம் மணல் எனக்கு விப்பீங்களா?"

"விக்கறதுக்கு இல்ல. தோண்ட ஆள் வேணும். காலைல ஆறு மணி. பிந்தினா சூப் கெடையாது."

மறுநாள் நான் போனபோது மணி ஐந்தரை. எனக்கு முன்னாலேயே வந்து அவன் குழிக்குள் நின்றான்.