சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த அன்றே அம்மா பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். "பிள்ளைத்தாச்சி பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது தாயி" என்று சீரகம் போட்டு, பானைத் தண்ணீர் பாதியாகும் வரை இறக்க மாட்டாள். நான் தடுக்கவில்லை. ராமநாதபுரத்தில் குடிநீர் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியக் கத்தியவளே நான்தான்.

எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும். மணல்மேட்டுக் கிணறு மட்டும் தித்திக்கும். அதிலிருந்துதான் குழாய்க்குத் தண்ணீர் ஏறுகிறது. அதனால் ஊருக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றே ஒன்று: கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். நாக்குதான் லேப். முந்தின வருடம் மேட்டுக்குப் பக்கத்தில், படகுக்குப் பூசும் பிசின் டின்களை அடுக்கியிருந்த குடோன் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் நுரையைப் பீய்ச்சி அணைத்தன. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு பெய்த மழை அந்த நுரையை மணலுக்குள் இறக்கியதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது உப்பு, ஃபுளோரைடு, கிருமி. இனி அது போதாது, சிலவகைத் தீயணைப்பு நுரையில் இருக்கும் மக்காத ரசாயனங்களையும் தேட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. எங்கள் கருவிகளுக்கு அவை தட்டுப்படாது. தீ விபத்து நடந்த இடங்களின் கிணற்றுத் தண்ணீரை வெளியூரில் இருக்கும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எங்கள் ஊர்ப் பாட்டிலுக்கு நானே சீட்டு ஒட்டினேன். சும்மா சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மதியம் முடிவு வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரில் அந்த ரசாயனம் இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு. படிக்கும்போதே வயிற்றில் பிள்ளை உதைத்தது. மேசையில் அம்மா கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் இருந்தது, அதைத் தொடக் கை வரவில்லை.

குடிநீர் வாரியப் பொறியாளர் உடனே மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து, ஊருக்கு லாரித் தண்ணீர் அனுப்பினார். அந்த ரசாயனத்தை உறிஞ்சும் தேங்காய்ச் சிரட்டைக்கரி அடைத்த வடிகட்டி வந்ததும், அதற்குள் போகிற தண்ணீரையும் வெளியே வருகிற தண்ணீரையும் விடாமல் சோதிப்பதும், கரி ஓய்ந்துபோகும் முன்னால் மாற்றுவதும் எல்லாம் பிறகு. அன்றைக்கு நான் நேரே டாக்டரம்மாவிடம் ஓடினேன். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

"எடை குறையலாம்னு சொல்றாங்க. உறுதியா என்னால சொல்ல முடியலம்மா. இனிமே அந்தத் தண்ணி வேண்டாம்."

ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவர்மேல் கோபமாக வந்தது. பஸ்ஸில் வழி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

தெருவில் லாரி நின்றது. "கரிக்கவே இல்ல, பெறகு என்னத்துக்கு மோட்டார நிறுத்துனாக?" என்று குடத்தோடு ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா லாரிப் பக்கமே போகவில்லை. காலையில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர் அடுப்பில் கொதித்தது.

"ஏதோ மருந்து கலந்துருச்சாம்ல? நீ பயப்படாத தாயி. நாமதான் காய்ச்சிக் குடிக்கிறோமே. இன்னைக்கு இன்னும் நல்லா சுண்ட விட்டுருக்கேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் கத்தலாக வெடித்தது. "காய்ச்சினா அது போகாதும்மா! தண்ணிதான் ஆவியாப் போகும். அது அங்கனயே நிக்கும். சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்!"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாலிநோக்கத்து உப்பளத்தில் உப்பு வாரியவள் அவள்.

"பாத்தியில தண்ணி வத்த வத்த உப்பு ஏறுமே, அது மாதிரியா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். நான் வேலையிலிருந்து வந்ததும் வயிற்றில் கை வைத்துப் பிள்ளை அசைகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் கை நீண்டது. பாதி வழியில் நின்றது. பிறகு சேலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

"தொடும்மா" என்றேன்.

அவள் தொடவில்லை.