கழுவிக் கொடுத்த பாட்டில்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருவண்ணாமலையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ட்ரையலுக்கு வேன் ஓட்டுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் டிரைவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

நடக்கவும் பேசவும் தாமதமாகும் குழந்தைகளுக்கு ஒரு புது சிரப் உதவுகிறதா என்று பார்க்கும் ட்ரையல் இது. பாதிப் பேருக்கு மருந்து. மற்றவர்களுக்கு அதே ஆரஞ்சு நிறம், அதே இனிப்பு, ஆனால் மருந்து இல்லை. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. மாதம் ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பக்கத்து அம்மாக்களையும் குழந்தைகளையும் அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பௌர்ணமி அன்று மட்டும் கிடையாது. கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊருக்குள் நுழையாது.

"பாட்டிலையும் மறக்காம வாங்கினு வாங்கண்ணே. மீதி மருந்தை நாங்க அளக்கணும். அம்மாங்ககிட்ட இதைச் சொல்லிடுங்க" என்றார் கோமதி சிஸ்டர்.

எனக்குப் பெண்களிடம் நின்று பேச வராது. வாசலில் நின்று "பாட்டில்" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டுவேன். ஏன் என்று சொன்னதில்லை.

2. செல்வியின் பாட்டில்

தருணுக்கு மூன்று வயது, இன்னும் நடக்கவில்லை. ஒரு நாள் அவனை வண்டியில் ஏற்றப் போனேன். துணி துவைக்கும் கல்லருகே உட்கார்ந்திருந்தான். கல்லில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை, அதைச் சுற்றி எறும்புக் கூட்டம். அவனைக் கடித்துவிடப் போகிறதே என்று சட்டென்று தூக்கிக்கொண்டேன். அவனுடைய அம்மா செல்வி பாட்டிலைக் கொடுத்தாள். பளபளவென்று கழுவியிருந்தது. உள்ளே வறுத்த வேர்க்கடலை.

"வெறும் பாட்டிலா எப்படிண்ணா குடுக்கறது?"

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, மருந்து கேட்டா மல்லாட்டை கொண்டாந்து குடுக்கறீங்க!" என்று சிரித்தவர், உடனே முகம் மாறினார். "மீதி எவ்ளோன்னு இப்ப எப்படி அளக்கறது?"

"மீதியே இல்ல சிஸ்டர். வேளை தவறாம குடுத்தேன்" என்றாள் செல்வி.

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். எனக்கு அந்த எறும்புகள் ஞாபகம் வந்தன. சொன்னால் தருணை ட்ரையலிலிருந்து எடுத்துவிடுவார்களோ? சொல்லாவிட்டால் பொய்க் கணக்கு ஏறிவிடும். நாளைக்கு எத்தனையோ குழந்தைகள் குடிக்கப்போகும் மருந்து.

"சிஸ்டர், அஞ்சு நிமிஷம் எழுதாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

செல்வியை வராந்தாவுக்கு அழைத்துப் போய்த் தரையைப் பார்த்தபடி சொன்னேன். "கல்லாண்ட எறும்பு பார்த்தேன்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. "குடிச்சா கக்கிடறாண்ணா. பத்து நாளா பாதிதான் குடுத்தேன். மீதியைக் கொட்டிட்டேன். சொன்னா எடுத்துடுவாங்களேன்னு பயம். வேற எங்க இவனைத் தூக்கினு போவேன்?"

"எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. கக்கறான்னு தெரியாம அவங்க குடுத்துனே இருந்தா புள்ளைக்குத்தானே கஷ்டம்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே உள்ளே போய்ச் சொன்னாள். டாக்டரம்மா தருணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "கக்கறதும் நான் எழுத வேண்டிய விஷயம்தாம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தானே இந்த ட்ரையலே நடக்குது? உன் புள்ளைய யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க. நாலு நாள் மருந்தை நிறுத்திட்டு மறுபடி குடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

"அப்ப மல்லாட்டை?" என்று பயந்தபடியே கேட்டாள் செல்வி.

"அத்த நான் அளந்துக்கறேன்" என்று பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தார் சிஸ்டர்.

3. இப்போது

தப்பு செல்வி மேல் மட்டும் இல்லை. முதல் நாள் சொல்லச் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்கிறேன்: "கழுவாதீங்கம்மா. மீதி இருந்தா அப்படியே குடுங்க. கக்கினாலும் சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க." காது சூடாகிறது, இருந்தாலும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.

தருண் இப்போது வேன் படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மருந்தாலா, தானாகவா, யாருக்கும் தெரியாது. போன மாதம் செல்வி கொடுத்த பாட்டில் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு சிரப் அப்படியே இருந்தது. வேர்க்கடலை தனியாக ஒரு டப்பாவில் வந்தது.