தங்கச்சி யானை வளைந்து போகும் இடம்

இமெல்டா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். நாவலடியில் கடல் ஊருக்குள் புகுந்த அந்தக் காலையில், அவள் புருஷன் றெஜி தோணியை இழுத்துக் கட்டப் போனவன். சவம் சவமாகப் புரட்டிப் பார்த்தும் அவன் கிடைக்கவில்லை. கிடைக்காதவனை எப்படிச் செத்தவன் என்பது? கல்லறைத் திருநாளில் சேமக்காலையில் கல்லறை முழுக்க மெழுகுதிரி எரியும். இமெல்டா அங்கே போகாமல் வீட்டில் மீன் கழுவுவாள். மகள் டினோஷாதான் பாவம்.

"எல்லாரும் அவங்கட ஆக்களுக்குக் கொளுத்துறாங்க. நான் அப்பாக்கு எங்கம்மா கொளுத்திற?"

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு எவள் திரி கொளுத்துவாள்?" என்று தாய் பாய்வாள். வருஷா வருஷம் இதே கதைதான்.

சண்டை முடிந்து காட்டுப்பக்கம் ஆள் நடமாட்டம் தொடங்கியபோது, யானை ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். வெல்லாவெளி வயல்வட்டைகளில் விளைந்த நெல்லுக்காக யானையும் சனமும் மல்லுக்கட்டிய காலம். இரண்டு பெண் யானைகளின் கழுத்தில் பட்டி கட்டிவிட்டார்கள். பட்டி, யானை நிற்கும் இடத்தைச் சில மணிக்கொரு தடவை வானத்தில் சுற்றும் செய்மதிக்குச் சொல்லும். கணினிப் படத்தில் ஒரு புள்ளி விழும். இரண்டு புள்ளிக்கு நடுவில் அது எங்கே போனது என்பதைக் கணக்குத்தான் சொல்லவேண்டும். அதற்கு வந்தவள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த இமெல்டா.

நேர்கோடு இழுத்தால் வேலை சுகம். ஆனால் யானை என்ன, அடிமட்டம் வைத்தா நடக்கிறது? அது நின்றிருக்கக்கூடிய இடம் முழுவதையும் அவள் கணக்குப் பார்த்து நிறத்தால் நிரப்புவாள். அடுத்த புள்ளி வரச் சுணங்கச் சுணங்க நிறம் படரும், வெளிறும். ஆனால் முற்றாக அழியாது. இந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதில் என்ன அதிசயம்!

தடம் பார்ப்பவர் வெல்லாவெளிக் கோணாமலை. யானைகளை இலக்கம் சொல்லிக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஒன்றை அக்கா என்றார், மற்றதைத் தங்கச்சி என்றார். ஒருநாள் அக்காவின் புள்ளி நின்றுபோனது. செத்ததாகப் பதியச் சொன்னார்கள். இமெல்டா முடியாது என்றாள். பற்றரி செத்தால் யானையும் சாகவேண்டுமா?

அவளிடம் சாட்சியும் இருந்தது. நேரே போகும் தங்கச்சி, இடையிடையே வழியை விட்டு வளைந்து ஒரு பற்றைக்காட்டுக்குள் போகும். மேய்ந்தால் புள்ளிகள் சிதறியிருக்கும், சிதறவில்லை. அங்கே குளமும் இல்லை. சும்மா நிற்கும், திரும்பும்.

"அக்காவைப் பாக்கத்தான் போகுது, அண்ணன். அது அங்கதான் இருக்கு."

"அப்ப வாங்க ரீச்சர், போய்ப் பாப்பம்."

காட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் கோணாமலை ஒரு கொப்பை முறித்துப் பிள்ளையாருக்கென்று மரத்தடியில் வைத்தார். அங்கத்தைய வழக்கம் அது.

அக்கா அங்கேதான் இருந்தது, எலும்பாக. பட்டி அடியில் நசிந்து கிடந்தது. செத்த சீவனுக்கும் வைக்கவென்று இன்னொரு கொப்பை முறித்து வந்த கோணாமலை அப்படியே நின்றுவிட்டார். எலும்பின்மேல் ஏற்கெனவே கொப்புகள் கிடந்தன. அடியில் காய்ந்தவை, மேலே இலை வாடாத பச்சை.

"ஆர் அண்ணன் வச்சது?"

"நான் இல்ல ரீச்சர். இஞ்ச ஆக்கள் வாறதும் இல்ல." அவர் நிலத்தைக் காட்டினார். சுற்றிவர யானையின் கால்தடம்.

"செத்தது தெரியாம இன்னும் தேடி வருகுதா, அண்ணன்?"

"தெரியாமலோ? கொப்பு வைக்குதே. தெரிஞ்சுதான் வருகுது, ரீச்சர்."

இமெல்டா அந்த இடத்திலேயே குந்தினாள். இத்தனை வருஷமாக அடக்கிவைத்த அழுகை, "றெஜி, றெஜி" என்று வெடித்து வந்தது. கோணாமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அடுத்தநாள் அக்கா இறந்துவிட்டதென்று அவளே பதிந்தாள்.

அந்த ஐப்பசியில், கல்லறைத் திருநாளன்றும் அடைமழை. சேமக்காலையில் பெரிய சிலுவையடியில், டினோஷா குடை பிடிக்க, இமெல்டா மெழுகுதிரியை நட்டாள்.

"அப்பா இஞ்ச இல்லையே, அம்மா?"

"இல்லதான், மகள். நாம வந்திருக்கம்."

காற்று திரியை அணைத்தது. டினோஷா குடையைச் சரித்துப் பிடித்தாள். இமெல்டா திரும்பவும் கொளுத்தினாள்.