பக்கத்து வீட்டுக் கையெழுத்து

எங்கள் அறந்தாங்கிப் பக்கம் கயிறெல்லாம் மாட்டுக்குத்தான். நாய் தன் பாட்டுக்குப் போகும், தன் பாட்டுக்கு வரும். மலேசியாவில் ஜோகூர் பாருவுக்குக் குடிவந்த பிறகு, நாற்பது வயதில், தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நடக்கிறேன். நடக்கிறேன் என்பதுகூடப் பொய், அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் நின்று, உள்ளே தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மோந்து பார்க்கும். ஒருவரும் இருக்க மாட்டார்கள். என் நிலைமையும் அதுதான் என்பதால் நான் அவசரப்படுத்துவதில்லை.

நாயின் பெயர் பிளாக்கி, நிறம் பழுப்பு. அதற்கு முன்னால் இருந்த கறுப்பு நாயின் பெயரை வீணாக்க மனமில்லாமல் என் மாமனார் இதற்கும் வைத்துவிட்டார். கல்யாணமாகி நான் சாஆ என்கிற ஊருக்கு அருகே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. அங்கே என் கணவர் லாரி ஓட்டினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரிலிருந்து படிக்கிற நீங்கள் அடுத்ததாக அதைத்தான் கேட்பீர்கள். தோட்டத்து லயத்து வீட்டில் மாமனாரும் இறந்துபோன பிறகு, பகலெல்லாம் என் தமிழைக் கேட்டது அந்த நாய் ஒன்றுதான்.

கணவருக்குப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்ததும், இந்தக் கரையில் இருக்கும் ஜோகூர் பாரு நகரத்துக்கு வந்தோம். வீட்டோடு வீடு ஒட்டிய வரிசையில் ஒரு வீடு. அவர் இருட்டோடு போய் இருட்டோடு வருவார். நாயை உடனே கொண்டுவர முடியவில்லை, கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு வந்தோம். அந்த ஒரு மாதம்தான் இந்த நாட்டில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள்.

பக்கத்து வீட்டு ரொஹானி அக்கா. இங்கே அக்காவைக் காக் என்பார்கள். மலாய்க்காரர், பத்து பாகாட் என்கிற ஊரிலிருந்து வந்தவர், கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். முதல் வாரமே கதவைத் தட்டி, குப்பை லாரி எந்தெந்த நாளில் வரும் என்று சொன்னார். மறுநாள் எங்கள் அடுப்படிக்கே வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தோசை சுடச் சுட அவர் சாப்பிடுவார். என் மலாய் பாதி, மீதி கை ஜாடை. பேச்சு ஒன்றும் பெரிதில்லை, ஆனாலும் பத்து மணி ஆனால் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

பிறகு கொழுந்தனார் போன் செய்தார். நாய் அவர் வீட்டில் தங்குவதே இல்லையாம், பூட்டிய எங்கள் பழைய வீட்டு வாசலில் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறதாம். அந்த ஞாயிறே போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். திங்கள் பத்து மணிக்குக் காக் வந்தார். நாயைக் கண்டதும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்து ராவுத்தர் வீடுகளிலும் நாயை அண்டவிட மாட்டார்கள், காரணத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் திரும்பினார். அதிலிருந்து எங்கள் பேச்சு கேட்டுக்கு அப்பாலும் இப்பாலும் நின்றபடிதான். நின்றுகொண்டு எத்தனை நேரம் பேச முடியும்?

நாய்க்கு நகராண்மை ஆபீசில் லைசென்ஸ் எடுக்கப் போனால், சுவர் ஒட்டிய வீடு என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கணவர் விண்ணப்பப் பாரத்தை என்னிடம் தந்துவிட்டு, "அவங்க சைன் பண்ணலன்னா தோட்டத்துலயே கொண்டு போய் விட்டுறலாம் லா, வேற வழி இல்ல" என்றார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். பாரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, காக் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் நாயை அனுப்பிய பாவம் என்னுடையதாகாது. அடுப்படியில் மறுபடி ஒருவர் உட்காருவார். பட்டினி கிடந்து என்னைத் தேடிய ஜீவன் வீட்டுக்குள் படுத்திருக்க, நான் இதை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

காக் உள்ளே போய்க் கண்ணாடி எடுத்து வந்தார். சுவரின் மேல் தாளை வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைச் சந்தோஷம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"காசியான். டியா புன் டாத்தாங் டாரி ஜாவு" என்றார். பாவம், அதுவும் தூரத்திலிருந்து வந்ததுதானே என்று அர்த்தம்.

அப்படியில்லை காக் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நகராண்மையில் முத்திரை குத்திக் கொடுத்த பெண், வருடா வருடம் வந்து புதுப்பிக்க வேண்டும் என்றாள். தெரியும் என்றேன். எனக்கும் அதுதான் வழக்கம். பதினொரு வருடமாக, இவள் என் மனைவி, இங்கே இருக்கட்டும் என்று கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால்தான் என் பாஸ்போர்ட்டில் விசா இன்னொரு வருடம் ஏறும். நாயும் நானும் இனி ஒரே கணக்கு.

இப்போது பிளாக்கி நகரத்துக்குப் பழகிவிட்டது. நடந்துவிட்டு வந்தால், கயிற்றை அவிழ்த்தாலும் வாசல்படியை விட்டு அசைவதில்லை. நேற்றுப் பத்து மணிக்கு, தோசை வாசனைக்குக் காக் வெளியே வந்தார். பழக்க தோஷத்தில் கேட்டை அகலத் திறந்து, வாங்க என்று தமிழிலேயே கூப்பிட்டுவிட்டேன். நீ சாப்பிடு என்று கையால் காட்டினார். திறந்த கேட்டில் நாய் வெளியே போகவில்லை, அவர் உள்ளே வரவில்லை. தோசை ஆறும்வரை நான் தட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.