மச்சில் ஏற்றிய ஒயின்

என் மகள் வெளியூர் போயிருந்த மூன்றாம் நாள் கீழறையின் கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைத்ததுமே ஈரம் மூக்கில் ஏறியது. காயலைப் பார்த்த கிழக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. சுவரை ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைத் தொட்டேன். அட்டை நைந்து விரலோடு வந்தது. உள்ளே படுக்கவைத்திருந்த ஒயின் புட்டிகளின் காகிதத்தில் மெல்லியதாகப் பூஞ்சை.

எனக்குப் பதறிப்போயிற்று. ஏன் பதறியது என்று சொல்ல, என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பதினாறு வயதில் தேனிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மிளகு மூட்டை சுமந்தேன். எந்தச் சரக்குக் கிட்டங்கியில் சுமந்தேனோ அந்தக் கிட்டங்கியையே விலைக்கு வாங்கினேன். வியாபாரம் மெலிந்தபோது மற்றவர்கள் பூட்டிவிட்டுப் போனார்கள். நான் அதைப் பதினான்கு அறைகளுள்ள ஹோட்டலாக்கினேன். ஒருவர் கையையும் பிடித்து மேலே வந்தவனில்லை. சுக்கை ஒடித்தால் வருகிற சத்தத்தை வைத்தே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்வேன். வெலிங்டன் தீவில் கப்பலுக்குக் காத்து நின்ற மிளகை ஒருமுறை ஒரு மணி கடித்துப் பார்த்து, இது ஈரம், போகக்கூடாது என்று தடுத்தேன். முதலாளிமார் நான்கு பேர் என்னைத் திட்டினார்கள். மூட்டையைப் பிரித்தபோது அடியில் பூசணம் பிடித்திருந்தது. அதைப் பார்த்த சிலர் இன்னும் பஜாரில் இருக்கிறார்கள், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

ஆக, ஐம்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே எதிரி ஈரம். அது என் கண்ணெதிரே என் மகளின் சரக்கைத் தின்றுகொண்டிருந்தது.

அவள் ஒயினைப் பற்றிப் படித்தவள். ஒயினுக்கும் ஒரு படிப்பா என்று முதலில் சிரித்தவன் நான்தான். மூன்று வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, எங்கள் ஹோட்டலுக்கு பீரும் ஒயினும் விற்க லைசென்ஸ் வாங்கியவளும் அவளே. இப்போது ஒரு புது ஏற்பாட்டைக் கையில் எடுத்திருந்தாள். விருந்தாளிகளை உட்காரவைத்து ஒவ்வொரு ஒயினுக்கும் பொருத்தமாக ஒரு இசை. குடித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

"குடிக்கறதுக்குப் பாட்டு எதுக்குடி?" என்றேன்.

"ஒரு வாய் குடிங்கப்பா" என்று கிளாஸை நீட்டினாள். செல்ஃபோனில் செண்டை மேளம் ஓடியது. ஒயின் நாக்கில் துவர்த்தது. அதை நிறுத்திவிட்டு மெதுவாக ஒரு வயலினைப் போட்டாள். "இப்ப?"

துவர்ப்பு அடங்கியிருந்தது. என் நாக்கு எதையும் தப்பவிடாது. ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "வயலின்காரன் கைராசி" என்றேன்.

"உங்க வாயிலேர்ந்து இவ்வளவு வந்ததே பெருசு."

அப்படி அவள் நடத்தவிருந்த முதல் மாலை அவளுக்கு ஒரு பரீட்சை. நாசிக்கில் சொந்தத் தோட்டம் வைத்து ஒயின் செய்கிற ஒருவர், கோவாவிலிருந்து கொச்சி வரை கடற்கரை ஹோட்டல்களில் இப்படிப்பட்ட மாலைகளை நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். தன் பழைய சிவப்பு ஒயினில் நான்கு பெட்டிகளை முன்கூட்டியே அனுப்பிவைத்தார். நேரில் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் பொறுப்பு முழுக்க அவளுக்கு. அவளுக்கு வயது முப்பத்தாறு. "இது கிடைச்சா, அண்ணாச்சி மோள், உங்க பொண்ணுன்னு யாரும் என்னை அறிமுகப்படுத்த வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இசைக்காரர்களைப் பேசி முடிக்க பெங்களூர் போனதும் அதற்காகத்தான்.

அந்த நான்கு பெட்டிகள்தான் ஈரத்தில் இருந்தன.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டேன். வைப்பின் தீவுக்காரர், என்னோடு இருபது வருஷமாக இருக்கிறார். தினமும் படகில் வருவார். பெட்டிகளை மேலே ஏற்று என்றேன்.

"மச்சுக்கோ?" அவர் முகம் சுளித்தது. "அண்ணாச்சி, மோள்கிட்ட ஒரு வாக்கு கேட்டிட்டு மாத்தினா போதாதா?"

"மிளகு காத்த எனக்குக் குப்பி காக்கத் தெரியாதா? நீ மீனையே ஐஸ் இல்லாம கொண்டாறவன்."

"மீன் சீஞ்சு நாறினா பூனைக்காவது ஆகும், அண்ணாச்சி" என்றார். சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கினார். மற்றவற்றை நானே ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து ஏணி ஏறினேன். அறுபத்தெட்டு வயதில் அந்த ஏணியில் சுமையோடு ஏறுகிறவன் பஜாரில் வேறு யாராவது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சு என்பது ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே உள்ள மரத்தட்டு. ஓட்டின்மேல் தகரமும் போட்டிருக்கிறோம். ஏப்ரல் மாதம் பகல் பன்னிரண்டுக்கு அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது. சுக்குக்கு அதைவிட நல்ல இடம் கொச்சியிலேயே கிடையாது. புட்டிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, காற்று படட்டும் என்று ஒவ்வொன்றாக நிற்கவைத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டி நிறுத்தியதுபோல ஒரு திருப்தி.

பதினோரு நாள் அங்கேயே நின்றன. அதற்குள் கொத்தனாரை வைத்துச் சுவரைக் கொத்திப் பூசினேன். மகள் வருவதற்கு முந்தின நாள் புதுப் பெட்டிகளில் அடுக்கி மறுபடி கீழே இறக்கிவிட்டோம்.

வந்தவள் சுவரைப் பார்த்தாள். "ஏம்பா பூசினீங்க?"

"ஈரம்."

"அந்த ஈரத்துக்காகத்தானே இந்த ரூம்ல வெச்சேன். ஒயினுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் நல்லதுப்பா. தக்கை காயாம இருக்கும்." பெட்டிமேல் கை வைத்தாள். "பரவால்ல. சரக்கு பத்திரமா இருக்கில்ல?"

மச்சுக்கு ஏற்றியதைச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு ஃபோன் அடித்தது. அதன்பிறகு சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. மறுநாள் முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒயின் என்ன, அதுவும் ஒரு பழச்சாறு, பதினோரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை ஐந்தரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள், இருபத்தாறு பேர். முன்பு ஏலக்காய் புடைத்த நீளக் கூடத்தில் வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள். ஒரு மூலையில் மரமேடை. நாசிக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்தார். நரைத்த தாடி, தோட்டக்காரனின் தடித்த விரல்கள். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பஜாரில் சேட்டுமாரிடம் கற்ற ஹிந்தியில் அவரிடம் என் கதையை, மூட்டையிலிருந்து ஹோட்டல் வரை, பாதி சொல்லி முடிப்பதற்குள் மகள் கண்ணைக் காட்டினாள். நிறுத்தினேன்.

முதலில் வெள்ளை ஒயின். அது ஃப்ரிட்ஜில் இருந்த உள்ளூர்ச் சரக்கு. அதற்குப் புல்லாங்குழல். மகள் இரண்டே வாக்கியம் பேசினாள். குழல் மேலே போகும்போது விழுங்குங்கள் என்றாள். கூடமே ஒன்றாக விழுங்கியது. ஒரு அம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். நாசிக்காரர் தலையாட்டி மேசையில் விரலால் தாளம் போட்டார். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இவள் என் ரத்தம், விட மாட்டாள்.

பிறகு சிவப்பு. வயலின்காரர் வில்லை எடுத்துக் காத்திருந்தார். மகள் முதல் புட்டியை எடுத்தாள். கழுத்தில் சுற்றியிருந்த உறையைக் கத்தியால் அறுத்ததும் அவள் கை நின்றது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். தக்கை புட்டியின் வாயைவிட ஒரு நெல்லளவு மேலே எழும்பியிருந்தது. சுற்றிலும் பிசுபிசுப்பான சிவப்புக் கசிவு. மச்சில் வைத்த எண்ணெய் டின் வெயிலில் வீங்கி, மூடி ஓரமாகக் கசிவதை எத்தனையோ தரம் பார்த்தவன் நான். யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் ஊற்றி முகர்ந்தாள். அடுத்த புட்டி. அதற்கடுத்தது. ஆறாவது புட்டிக்கு வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. விருந்தாளிகள் இது ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திறந்துவைத்ததைப் பரிமாறுகிற பையன்கள் அதற்குள் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. வாயில் வைத்தேன். அடுப்பில் மறந்துபோன பழப்பாகு. உயிரே இல்லை.

"ஜாம் போல இருக்கு, சூப்பர்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

நாசிக்காரர் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். என் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கெட்ட சரக்கை அனுப்பினீர்கள் என்று அவள் சொல்லவில்லை, எங்களால் கெட்டது என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். ஸ்டோர்காரருக்கும் தெரியும், அவர் வாசல் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாசிக்காரர் எழுந்தார். "மன்னிச்சுக்கோங்க" என்று எல்லோரிடமும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்னார். "இது இவங்க தப்பில்ல. வழியில வெயில் பட்டிருக்கு. என் வண்டி, என் பொறுப்பு."

கூடம் முணுமுணுத்தது. மகள் மேடைக்குப் போனாள். "கிளாஸைத் தள்ளி வெச்சிருங்க. இதுக்கப்புறம் பாட்டு மட்டும்தான். ஒண்ணும் குடிக்காம கேளுங்க" என்றாள். கடைசி ஒயினோடு பாட வந்திருந்த மட்டாஞ்சேரிப் பாடகர் ஹார்மோனியத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் குரல் எழுந்ததும் யாரும் அசையவில்லை. கெட்டுப்போன மாலையை அவள் தன் கையால் தூக்கி நிறுத்தினாள் என்றுதான் சொல்வேன். அந்தப் பெருமையை அனுபவிக்க எனக்கு யோக்யதை இல்லாமல் போயிற்று. பாட்டு ஓடிய நேரம் முழுவதும் நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு நாசிக்காரர் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "சரக்கு கெட்டா எல்லாரும் சத்தம் போடுவாங்க. நீங்க சபையைக் காப்பாத்தினீங்க. எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஆள்தான். காலைல பேசி முடிச்சிருவோம்." பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அந்த லாரிக்காரனை வேலையிலேர்ந்து நிறுத்தறேன். பதினோரு வருஷமா ஓட்டறவன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது. "அப்பா, கிடைச்சிருச்சு" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாருக்கும் தெரியாது. ஸ்டோர்காரர் என் பேச்சைத் தாண்டமாட்டார். லாரிக்காரர் யாரோ, எங்கேயோ. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மூட்டை சுமந்த காலத்தில், எவனோ தண்ணீரில் போட்ட மூட்டைக்காக என்னை இரண்டு மாதம் வேலைக்கு எடுக்காமல் வைத்தார்கள். அந்த இரண்டு மாதமும் கலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தவன் நான். அதை இன்றுவரை மன்னித்ததில்லை. இப்போது நானே அதை இன்னொருவனுக்குச் செய்தால், பிறகு நான் மார்தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

காலையில் அவர்கள் இருவரும் சாயாவும் புட்டுமாக உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனேன். உட்காரவில்லை. என் உடைந்த ஹிந்தியில், ஈரத்தைப் பார்த்ததிலிருந்து மச்சு, பதினோரு நாள், திரும்ப இறக்கியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க லாரிக்காரர் மேல தப்பில்ல. என் தப்பு" என்றேன். இந்த இரண்டு சொல்லை நான் யாரிடமும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் மனைவியிடம்கூட.

நாசிக்காரர் சாயா கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொன்னீங்களே, அதுக்கு மரியாதை" என்றார். அதன்பின் என் மகளைப் பார்த்தார். "ஆனா மகளே, நீ ஊர்ல இல்லாத நாள்ல என் சரக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும். நீ நடத்தப்போற இடங்கள்ல பாதி நாள் நீ இருக்க மாட்டே. உன் சொந்த இடத்துலேயே உனக்குத் தெரியாம இது நடந்திருக்கு. இந்தப் பொறுப்பை இப்ப உனக்குத் தர முடியாது."

அவள் வாதாடவில்லை. சரி என்று தலையாட்டினாள். அவருடைய கைப்பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பினாள். லாரிக்காரருக்கு அவர் வாசலில் நின்றே ஃபோன் செய்து, வேலையில் தொடரச் சொன்னதை நான் கேட்டேன்.

மகள் திரும்பி வந்து கீழறையில் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். புதுப் பூச்சைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"திட்டு" என்றேன்.

"திட்டினா உங்களுக்கு லேசாயிரும்."

"நான் சொல்லாம இருந்திருக்கணுமா?"

அவள் திரும்பவில்லை. "சொன்னது சரிதான்ப்பா. எனக்குத் தெரியும். ஆனா நன்றின்னு சொல்ல எனக்கு இன்னும் மனசு வரல. வந்தா சொல்றேன்."

பூச்சு இன்னும் முழுசாகக் காயவில்லை. ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு அதைக் கொத்தி எடுக்கச் சொன்னாள், பழைய சுவர் தெரிகிறவரை. நானும் ஒரு உளியை எடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மத்தியானம்வரை மூன்று பேரும் கொத்தினோம்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.