சும்மா வந்தவர்கள்

ஆயுத பூஜை கழிந்த ஞாயிறன்று, ஆனேக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குடியிருப்பின் கேட்டில் சைக்கிளோடு நின்றேன். செக்யூரிட்டிப் பையன் போனைக் காட்டி, எதை அழுத்தட்டும் என்று இந்தியில் கேட்டான். டெலிவரி, விருந்தாளி, ரிப்பேர். நான் வந்த காரணம் அதில் இல்லை. என் பையிலிருந்து பூஜைப் பொரியின் நமுத்த வாசனை வந்தது.

நமுத்த பொரிக்கு என்ன வாசனை என்பீர்கள். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுப் பொரிக்குப் பெயின்ட் வாசனை. அப்பா பெயின்டர். பிரஷ்களுக்குக் குங்குமம் வைத்து, பொரியையும் பக்கத்திலேயே கொட்டிவைப்பார். இந்த ஊரின் எந்த மூலையைச் சொன்னாலும் அவர் போயிருப்பார். வேலையில்லாமல் ஓரிடத்துக்கும் போனதில்லை.

எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். அதனால் ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிளும் கொஞ்சம் திமிரும் சேர்ந்தே கிடைத்தன. லீவு நாளில் நானும் அடுத்த சந்து செல்வமும் ரோடு எங்கே முடிகிறதென்று பார்க்கக் கிளம்பிவிடுவோம். "அங்க உனக்கு என்னடா வேல?" என்பார் அப்பா. அந்தக் கேள்வி மேலேயே எனக்குக் கோபம்.

ஒரு ஆயுத பூஜையன்று, ஹேண்டில்பாரில் கட்டிய வாழைக்கன்றுகளை அவிழ்க்காமலே இதே கேட்டுக்கு வந்தோம். உள்ளே புகுந்தால் பின்னால் ஏரி. அப்போதிருந்த வாட்ச்மேன், கன்று விற்க வந்தவர்கள் என்று நினைத்து, விற்கத்தானே என்று கேட்டபடியே கேட்டைத் திறந்தார். செல்வம் ஆமென்று தலையாட்டத் தொடங்கினான்.

"விக்க வரலண்ணா. சும்மா ஏரி பாக்க வந்தோம்" என்றேன்.

"சும்மாவெல்லாம் வுட முடியாது சாமி" என்று கேட்டைச் சாத்தினார்.

திரும்பிப் போயிருக்கலாம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பக்கத்து ராகிக் கொல்லையின் சேற்று வரப்பில் சுற்றிப் போனோம். கன்றுகள் நாராகக் கிழிந்தன. "ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் காலு காய்ஞ்சிருக்கும்டா" என்று செல்வம் வழியெல்லாம் திட்டினான். ஏரிக்கரையில் பொரி தின்றோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அதுதான் அவ்வளவு ருசியாக இருந்தது.

இப்போது ராகிக் கொல்லை இல்லை. வரப்பிருந்த இடத்தில் மதில், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. ஏரி இருக்கிறதா என்றே தெரியவில்லை. செல்வம் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவனுக்கு இந்தக் கேட் தினமும் திறக்கிறது, இறக்கி வைத்ததும் திரும்பிவிட வேண்டும்.

பையன் மறுபடி கேட்டான், எதை அழுத்தட்டும் என்று. எதையும் அழுத்தாதே என்றேன். சைக்கிளைக் கேட்டுக்கு நேரெதிரே ஸ்டாண்ட் போட்டு, அவனுக்கும் ஒரு பிடி கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பொரியைத் தின்னத் தொடங்கினேன்.