மேஜைக் காலை அறுத்த பரிமளா

வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஏசி கம்ப்யூட்டருக்குப் போட்டதுமா. உங்களுக்கும் குளுந்தா அது உங்க அதிர்ஷ்டம்."

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் டிசைன் செக்‌ஷன். அதுவரை கிராஃப் தாளில் கையால் வரைந்த பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு கிளிக். ஒரு மயில் முடிவதற்குள் விரல் ஓய்ந்துவிடும். எனக்கு முன்பே அங்கே இருந்தவர் பரிமளா அக்கா. கடையில் நன்றாக ஓடிய டிசைன்களில் பாதி அவர் போட்டவை.

எங்கள் மேஜை, கீழே கடையில் நின்றுகொண்டு புடவை விரித்துக் காட்டச் செய்த தேக்கு மேஜை. வீணாகக் கூடாதென்று மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். நாற்காலியோ பிளாஸ்டிக். உட்கார்ந்தால் மேஜை நெஞ்சுக்கு வரும். தோளைத் தூக்கி, மணிக்கட்டை விளிம்பில் அழுத்தித்தான் மவுஸைப் பிடிக்க முடியும். மானிட்டர் இன்னும் மேலே, சி.பி.யூ.வின் தலையில். அண்ணாந்தே வேலை செய்தோம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் கோபுர தரிசனம் செய்வதுபோல் இருந்திருக்கும்.

அக்காவுக்கு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலாளியிடம் சொன்னார்: "மேஜை ஒசரமா இருக்குது முதலாளி. கையே எழுந்துக்க மாட்டேங்குது."

"தறியில குந்திக்கினு நெய்யறவங்க கையி காலு எல்லாத்தையும் ஆட்டறாங்க. நீ ஒத்த வெரலைத்தானேமா ஆட்டற?"

ஆனாலும் மனசு கேட்காமல், பெருமாள் படம் போட்ட மவுஸ் பேடு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் மாட்டிவிட்டார். "சாமி மூஞ்சியில கைய வெச்சித் தேய்க்கச் சொல்றாரு பாரு" என்றார் என்னிடம்.

முகூர்த்த சீசனில் ஒரு நாள், டீ டம்ளர் அக்காவின் கையிலிருந்து நழுவி கீபோர்டு மேல் கொட்டியது. முதலாளி மாடிக்கு ஓடி வந்தார். கீபோர்டைக் கவிழ்த்து, தன் தோள் துண்டாலேயே துடைத்தார். பிறகுதான் அக்காவைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆவலயே?"

அக்கா சிவந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டம்ளர் நழுவுனதும் தெரியலடி. சுட்டதும் தெரியல" என்றார் என்னிடம். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, முன்பே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஓய்வு எடுக்கச் சொன்னார். அக்கா ஓய்வெடுத்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

முதலாளி ஜரிகை வாங்க சூரத் போனார். மறுநாளே அக்கா தறிக்கு மர வேலை செய்யும் ஆசாரியைக் கூட்டிவந்தார்.

"நாலு கால்லயும் ஒரு சாண் அறுத்துடுங்க."

"முதலாளி சொன்னாராம்மா?"

"வந்து சொல்லுவாரு."

சி.பி.யூ. தரைக்கு இறங்கியது. மானிட்டர் கண்ணுக்கு நேராக வந்தது. அக்கா உட்கார்ந்து முழங்கையை மேஜையில் வைத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் அறுத்த துண்டுகளைப் பொறுக்கி மூலையில் ஒளித்துவைத்தேன்.

திரும்பி வந்த முதலாளி போட்ட சத்தத்தில், கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "தேக்குமா! தேக்கு அது!" நின்று திட்டிக் களைத்து, அந்த மேஜை முன்னாலேயே உட்கார்ந்து திட்டினார். கை தானாக மவுஸுக்குப் போனது. சீட்டாட்டத்தைத் திறந்தார். சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

சில நாட்களில் வெளியூர் வியாபாரிகளுக்கு மாடியைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். "ஸ்டாஃபு ஒடம்பு முக்கியம் சார். நாமதான் அளவு பார்த்து அறுக்கச் சொன்னோம்." பக்கத்திலேயே அக்கா இடது கையால் மவுஸைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். வலது கட்டை விரலுக்குப் பழைய பிடி திரும்பவே இல்லை.

அந்த ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தார். அக்கா இடது கையை நீட்டினார்.

"இன்னாமா, நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கைய நீட்டற?"

"சோத்தாங்கை உங்க மயிலுக்குப் போயிடுச்சு முதலாளி."

எல்லோரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, விரல் மரத்துப்போனால் அன்றைக்கே மேஜையை அறுத்துவிடுங்கள். பெருமையை முதலாளி எடுத்துக்கொள்ளட்டும். கை உங்களுக்கு மிஞ்சும்.